தலைநகரத்தார் தலைநகருக்குப் போனார்

படத்துக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்துக் கொடுப்பது அவர் தொழில். கல்யாணமான புதிதில் பிடித்த கடை, இன்னும் அதே கடைதான். முறைப்படி பார்த்தால் பிரேம் கடைக்காரர் என்று பேர் வந்திருக்க வேண்டும். ஆனால் ஊரே அவரைத் தலைநகரத்தார் என்றுதான் கூப்பிட்டது. யாராவது வழி கேட்டால், "தலைநகரத்தார் கடையா? நேரா போய் இடது பக்கம் திரும்புங்க. அவர் பேச ஆரம்பிச்சா மட்டும் உக்காந்துடாதீங்க, உங்க கல்யாணப் படத்தைக் குடுத்துட்டு உங்க பேரனோடதான் வீட்டுக்குப் போவீங்க" என்று எச்சரித்து அனுப்புவார்கள்.

பேச்சு என்றால் ஒரே பேச்சுதான். ராஜாக்கள் இருந்து ஆண்ட பழைய தலைநகரம். கல்யாணத்துக்கு முன்னால் அங்கே, அரண்மனை வாசலை ஒட்டிய பிரேம் கடையில், இரண்டு வருஷம் வேலை பார்த்ததாகச் சொல்வார். கண்ணாடியைக் கட்டரால் கீறி, 'டக்' என்று மேஜை ஓரத்தில் வைத்து உடைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். "வாசலைப் பார்த்தபடி நின்னீங்கன்னா இடது கைப் பக்கம் மணிக்கூண்டு. வலது கைப் பக்கம் தூணு வெச்ச மண்டபம். காலையில புறா பறக்கும் பாருங்க, கண்ணு ரெண்டும் பத்தாது." அந்த ஊர்த் தண்ணீரின் ருசி, அந்த ஊர்ப் பெரிய மனுஷர்களின் பெருந்தன்மை எல்லாம் வரிசையாக வரும். "வேலைக்காரங்களைக்கூட வீட்டுப் பிள்ளை மாதிரிதான் வெச்சிருப்பாங்க. ஒரே மேஜையில சாப்பாடு. நம்ம ஊர்ல யாருக்கு அந்த மனசு வரும்?"

இதில் ஒரு வார்த்தை உண்மை கிடையாது. மனுஷர் அந்த ஊர் மண்ணை மிதித்ததே இல்லை.

அந்த இரண்டு வருஷமும் அவர் இருந்தது புழுதி பறக்கும் வேறோர் ஊரில், ஒரு பிளைவுட் கிடங்கில், லாரியிலிருந்து பலகை இறக்கும் வேலை. கிடங்கு முதலாளியின் அறையில் அரண்மனைச் சதுக்கத்தின் பெரிய படம் ஒன்று மாட்டியிருந்தது. தினம் அதைத் துடைப்பது இவர் பொறுப்பு. ஒரு நாள் அது விழுந்து கண்ணாடி நொறுங்கியது. முதலாளி தூக்கிப் போடச் சொன்னார். இவர் எடுத்து வைத்துக்கொண்டு, தானே கண்ணாடி வெட்டிப் போட்டார். தொழில் கற்றுக்கொண்டதே அப்படித்தான். பிறகு பெண் கேட்டுப் போன இடத்தில், கூட வந்த தரகர் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று, "பையன் தலைநகரத்துல இருந்தவன்" என்று எடுத்துவிட்டார். பெண்ணின் தாய்மாமன் ஆவலாக, "அப்படியா மாப்பிள்ளை, அங்கே என்னென்ன இருக்கு?" என்று கேட்டார். மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. கண்ணை மூடினால் படம் முன்னால் நின்றது. வாயைத் திறந்தார், கொட்டியது. சம்பந்தம் அன்றைக்கே முடிவானது.

ஒருமுறை சொன்ன பொய்யை அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். இவருக்கு அது ருசித்துவிட்டது. அந்தப் படத்தையே கடையில், தன் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டு கதை அளந்தார். அவர் மனைவியும் கடையில்தான் இருப்பாள். பின்பக்கம் உட்கார்ந்து அட்டை வெட்டுவாள், சட்டத்தின் முதுகில் பசை தடவிக் காகிதம் ஒட்டுவாள். அவர் சொல்கிற ஒவ்வொரு கதையும் அவள் காதில் விழும். ஒரு தடவைகூடக் குறுக்கே ஒரு கேள்வி கேட்டதில்லை. வாய் பிளந்து கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். வெளியூர் எங்கேயும் போகாத பெண்பிள்ளைக்குத் தன் வாயாலேயே ஒரு ஊரைச் சுற்றிக்காட்டிவிட்டோம் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட உண்டு. இப்படியும் ஒரு ஆள்.

மகள்தான் குண்டைத் தூக்கிப் போட்டாள். ஒரே மகள், கல்யாணமாகி வேறு ஊரில் மாமியார் மாமனாரோடு இருக்கிறாள். அந்தச் சம்பந்தியம்மா சாமானியப்பட்டவள் இல்லை. யாரைப் பார்த்தாலும் அவர் எந்த வீடு, அவர் அப்பன் என்ன வேலை பார்த்தான், அம்மா எங்கே வளர்ந்தாள் என்று மூன்று தலைமுறையைத் தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காரச் சொல்லுவாள். தலைநகரத்தில் இருந்தவர் என்பதால் இவர் மேல் மட்டும் அவளுக்குத் தனி மரியாதை.

"அப்பா, உங்க கல்யாண நாளுக்கு டிக்கெட் போட்டுட்டேன். ரயில், ரூம் எல்லாம். தலைநகரத்துக்கு! அம்மா ஒரு தடவையாவது பார்க்க வேணாமா? நீங்கதான் கைடு."

போனை வைத்தபோது அவருக்குக் கை கால் ஓடவில்லை. வெட்டிக்கொண்டிருந்த கண்ணாடியைத் தப்பான இடத்தில் கீறிவிட்டார். முழங்கால் வலி என்றார். கடையில் அவசர வேலை இருக்கிறது என்றார். அந்த ஊரில் இந்த மாசம் அனல் பறக்கும், தாங்கமாட்டாய் என்றார். எதற்கும் வாய் திறக்காத மனைவி, பசை டப்பாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"போகலாங்க."

அவ்வளவுதான். அவள் எதையும் அப்படி அழுத்திக் கேட்டதில்லை. ஒரு புடவைகூட இதுதான் வேண்டும் என்று சொன்னதில்லை. மறுக்க அவருக்கு மனசு வரவில்லை, போகவும் தைரியம் இல்லை. ஊர் முழுக்கச் சிரித்தால் சிரிக்கட்டும், நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் இத்தனை வருஷம் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தவள், தன் புருஷன் ஒரு புளுகன் என்று கண்ணெதிரே பார்த்துத் தெரிந்துகொண்டால்? அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

ரயில் ரத்தாகும் என்று பார்த்தார். ரயில் சொன்ன நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

லாட்ஜில் சாவி கொடுத்தவன், "முதல் தடவையா சார்?" என்று கேட்டான்.

"யாரு, நானா? தம்பி, நான் இங்கேயே இருந்தவன்" என்றார். பழக்க தோஷம். மனைவி பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அவள் குளிக்கப் போன நேரத்தில் இறங்கி வந்து, வரவேற்பறைச் சுவரில் இருந்த வரைபடத்தை மூக்குக்கண்ணாடியோடு மேய்ந்தார். எது மேலே, எது கீழே என்றே பிடிபடவில்லை. சந்துகள் சிக்குப் பிடித்த நூல் மாதிரி கிடந்தன. "என்ன சார் தேடறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்ததும் தூக்கிவாரிப் போட்டது. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா போட்டிருக்கானான்னு பார்த்தேன்" என்று அசடு வழிந்துவிட்டு மேலே ஓடினார்.

எப்படியும் சதுக்கம் தெரியும். சதுக்கத்தில் நின்று நாலு வார்த்தை கணீரென்று சொல்லிவிட்டால், மற்றதை "எல்லாம் மாறிப்போச்சு" என்று சமாளித்துவிடலாம். இந்த ஒரு தைரியத்தில்தான் காலையில் கிளம்பினார். தெருமுனை திரும்பியதும் அரண்மனை வாசல் தெரிந்தது. படத்தில் இருந்ததேதான்! அதே வளைவு, அதே இரும்புக் கதவு. அவருக்கு உயிர் வந்தது. வாசலைப் பார்த்து நின்றார், தொண்டையைச் செருமினார், இடது கையை நீட்டினார்.

"அதோ பாரு, மணிக்…"

இடது பக்கம் தூண் வைத்த மண்டபம் இருந்தது. மணிக்கூண்டு வலது பக்கம் நின்றது.

கையைக் கீழே இறக்கத் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் தான்தான் தலைகீழாக நிற்கிறோமோ என்று சந்தேகம் வந்தது. வாசலுக்குப் பின்பக்கம் வந்துவிட்டோமா? இல்லை. எல்லாம் இருக்கிறது, எல்லாம் இடம் மாறி இருக்கிறது. கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி, அவர் வருஷக்கணக்காகப் பேசிய ஊர் முழுக்க வலது இடது மாறி நின்றது.

தொழில்காரர் இல்லையா, காரணம் அப்போதே புரிந்துவிட்டது. அச்சடித்தவன் பிலிமைத் திருப்பிப் போட்டிருக்கிறான். ஒரு தடவை கல்யாணப் படம் ஒன்று அப்படி வந்து, மாப்பிள்ளையின் கடிகாரம் வலது மணிக்கட்டில் இருப்பதைக் காட்டி, "பாருங்க, பிலிமைத் திருப்பி வெச்சுட்டான்" என்று வாடிக்கையாளரிடம் இவரே பெரிதாக விளக்கியிருக்கிறார். தன் தலைக்கு மேலே தொங்கிய படத்தை மட்டும் சந்தேகப்படவில்லை. அதில் எழுத்து எதுவும் இல்லை. மணிக்கூண்டுக் கடிகாரத்தில்கூட எண்ணுக்குப் பதில் வெறும் கோடுகள்தான்.

"இடிச்சுட்டு அந்தப் பக்கமா மாத்திக் கட்டியிருக்கான் போல" என்றார். குரல் பழையபடி கணீரென்று வரவில்லை.

பக்கத்தில் தொப்பி விற்றுக்கொண்டிருந்தவன் இதைக் காதில் வாங்கிவிட்டான். "எதை சார்? மணிக்கூண்டையா? எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அது அங்கேதான் நிக்குது. நீங்க வேற ஏதோ ஊரைச் சொல்றீங்க."

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டே மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை, முறைக்கவில்லை. மணிக்கூண்டைக்கூடப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் போகிற சந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெயிலா இருக்கு. அரண்மனைக்கு அப்புறம் போவோம். நிழல்ல கொஞ்சம் நடக்கலாம்" என்றாள்.

தப்பித்தோம் என்று அவசரமாக முன்னால் நடந்தார். வழி தெரிந்தவர் போல வீசி நடந்து, முதல் சந்திலேயே முட்டுச் சுவரில் கொண்டு போய் நிறுத்தினார். "இங்கே ஒரு வழி இருந்துது" என்றார். "அடுத்த சந்துல போய்ப் பார்ப்போமா?" என்றாள் அவள். அது சரியாக ஒரு தெருவில் கொண்டு விட்டது. அடுத்த முறை அவர் ஒரு தச்சுப்பட்டறைக்குள்ளேயே நுழைந்துவிட, உள்ளே இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "இப்படி இறங்கினா குறுக்கு வழியா இருக்குமோ என்னமோ" என்று அவள் ஒரு படிக்கட்டைக் காட்டினாள். இருந்தது. இவளுக்கு இவ்வளவு அதிர்ஷ்டமா என்று வியந்தாரே தவிர, மனுஷருக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. தன் மானத்தைக் காப்பாற்றுகிற கவலையில் இருப்பவனுக்கு அடுத்தவர் முகம் எங்கே தெரியும்?

ஒரு இடத்தில் சந்து இருட்டாகி, இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு வளைவுக்குள் நுழைந்தது. அவள் முன்னால் போனாள். "பார்த்து வாங்க" என்று பின்னால் திரும்பி அவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே தலையைக் குனிந்தாள். எதற்குக் குனிகிறாள் என்று இவர் யோசிப்பதற்குள் 'ணங்' என்று நெற்றி கல்லில் மோதியது. கண்ணில் பூச்சி பறந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவள் முந்தானையை நனைத்து நெற்றியில் ஒற்றினாள்.

"கல்லு இருக்கறது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தாழ்வா இருந்துச்சு, குனிஞ்சேன்."

ஆனால் அவள் திரும்பி நின்றல்லவா பேசினாள். கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வீங்கிய நெற்றியைத் தடவியபடி அவர் எழுந்தார். என்னவோ சரியில்லை என்று முதல் தடவையாக மனதில் பட்டது.

வளைவு தாண்டியதும் ஒரு பெரிய வீடு. இரண்டு ஆள் உயரக் கதவு, ஏழெட்டுப் படிகள். 'பழைய வணிகர் இல்லம், பார்வையாளர்கள் வரலாம்' என்று பலகை. பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, குறுகலான இன்னொரு கதவு. அவள் அந்தக் குறுகல் கதவைத்தான் வெகுநேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ள போகணும்" என்றாள்.

"இதுல என்ன இருக்கப் போகுது? யாரோ ஒருத்தன் வீடு. அரண்மனைக்குப் போவோம் வா."

"டிக்கெட் வாங்குங்க."

அவர் வாங்கினார். அந்தக் குரலுக்கு அவர் இதுவரை கீழ்ப்படிந்து பழகியதில்லை, ஏனென்றால் அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்ததே அவருக்குத் தெரியாது. அவள் செருப்பை ஒருமுறை துடைத்துக்கொண்டு முன்படிகளில் ஏறினாள். பெரிய கதவின் நடுவில் ஒரு கணம் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

உள்ளே சட்டையில் அடையாள அட்டை குத்திய ஒரு பெண் சுற்றிக் காட்டினாள். பன்னிரண்டு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேஜை, உட்காரக் கூடாது என்று கயிறு கட்டிய சோபா, ஆள் உயரக் கடிகாரம். கடைசி வாரிசும் வெளிநாடு போனபிறகு நகராட்சி எடுத்துக்கொண்டதாம். கூடத்துச் சுவரில் ஒரு அம்மாளின் பெரிய படம். முத்துமாலை, இறுகிய வாய். "இவங்கதான் இந்த வீட்டுல கடைசியா இருந்த பெரியம்மா. ஏழைங்களுக்கு ரொம்ப உதவி செஞ்சவங்க" என்றாள் அந்தப் பெண்.

சட்டம் நல்ல வேலைப்பாடு. அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலைநகரத்தார் பழைய உற்சாகத்தோடு தலையாட்டினார். "இந்த ஊர்ப் பெரிய வீட்டு ஜனங்களே அப்படித்தான். எனக்கு நல்லாத் தெரியும். தங்கமான மனசு."

மனைவி திரும்பி அவரைப் பார்த்தாள். கோபம் என்று சொல்ல முடியாது, வருத்தம் என்றும் சொல்ல முடியாது. முன்பின் தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அவருக்குச் சட்டத்தின் மேல் வைத்த கை சுட்டது போலிருந்தது.

சமையலறைக்குப் போகிற வழியில், மாடிப்படிக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில் ஒரு மரக்கதவு. "இது விறகு, பழைய சாமான் போட்டு வெக்கிற இடம்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மற்றவர்களோடு நகர்ந்தாள். அவர் மனைவி நகரவில்லை. முழங்காலை மடித்து உட்கார்ந்து, கதவைத் திறந்து, தலையை உள்ளே நுழைத்தாள். படிகளின் அடிப்பக்கம் உள்ளே சரிந்து இறங்கியது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே இருந்த இடுக்கில் விரல் விட்டுத் தடவினாள்.

"இல்ல" என்றாள்.

"என்ன இல்ல?"

"சீப்பு."

தலையில் அடிபட்டது எனக்கா இவளுக்கா என்று அவருக்குக் குழம்பிவிட்டது. கையைப் பிடித்து வெளியே அழைத்து வந்தார். எதிரே சின்னத் திடல், ஒரு குழாய், ஒரு கல் பெஞ்சு. தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, கடையில் 'அட்டை தீர்ந்துபோச்சு' என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"நான் அங்கேதான் தூங்குவேன்."

"எங்கே?"

"மாடிப்படிக்குக் கீழே. பத்து வயசு இருக்கும், அப்பா கொண்டுவந்து விட்டுட்டுப் போனார். வீட்டு வேலைக்கு. கல்யாணத்துக்கு முந்தின வருஷம் வரைக்கும் இங்கேதான் இருந்தேன்."

அவருக்கு அந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன, ஒன்றோடொன்று சேரவில்லை. "உங்க மாமா… அத்தை வீட்டுல வளர்ந்த பொண்ணுன்னுல்ல சொன்னார்?"

"நீங்க அரண்மனை வாசல்ல வேலை பார்த்தவர்னுல்ல சொன்னாங்க" என்றாள்.

சாட்டையால் அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. தெரிந்துவிட்டது என்பதைவிட, எப்போதிலிருந்து தெரியும் என்ற கேள்விதான் அவரை உலுக்கியது. அதைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது. கேட்டார்.

"அன்னிக்கே தெரியும். நீங்க வந்து உக்காந்து பேசினப்ப நான் கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். தலைநகரத்துல இருந்தவர்னு தரகர் சொன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு. தெருவுல எங்கேயாவது என்னைப் பார்த்திருப்பாரோ, இந்த வீட்டுக்குப் படம் மாட்ட வந்திருப்பாரோ, என் மூஞ்சியைப் பார்த்ததும் 'ஏ, நீ அந்த வீட்டு வேலைக்காரிதானே'ன்னு கேட்டுடுவாரோன்னு நடுங்கிட்டிருந்தேன். வீட்டு வேலையில இருந்த பொண்ணுன்னா என்னல்லாம் பேசுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? மாமா அதை மூடி வெக்க என்ன பாடுபட்டார். அப்புறம் நீங்க மணிக்கூண்டு இடது பக்கம்னு சொன்னீங்க. இவர் இந்த ஊருக்கு வந்ததே இல்லைன்னு தெரிஞ்சு போச்சு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துது. மாமாகிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"பொய் சொல்றவன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

அவர் தன் வாழ்க்கையில் ஜெயித்ததாக நினைத்த ஒரே இடம் அது. தன் வாய்ச் சாமர்த்தியத்தால் ஒரு பெண் மயங்கினாள் என்று இத்தனை காலம் மார்தட்டிக்கொண்டிருந்தார். இப்போது அந்த நினைப்பே கூசியது.

"அடிப்பாங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அடிக்கறதெல்லாம் பெரிசில்ல. எங்கேயாவது ஊருக்குப் போனா வெளியில பூட்டிட்டுப் போயிடுவாங்க. உள்ளே நான் மட்டும். ரொட்டி வெச்சுட்டுப் போவாங்க. மொட்டைமாடிக் கதவு மட்டும் திறந்திருக்கும். அரண்மனை, மணிக்கூண்டு எல்லாம் கடைக்கு அனுப்பறப்ப வெளியில நின்னு பார்த்ததும், அங்கேருந்து பார்த்ததும்தான், உள்ளே நானும் போனதில்ல. கடைசியா ஒரு தடவை பூட்டிட்டுப் போனவங்க வரவே இல்ல. ரொட்டி தீர்ந்துடுச்சு. தண்ணியைக் குடிச்சுக்கிட்டுப் பார்த்தேன், பார்த்தேன், அப்புறம் மாடிக்கு மாடி தாண்டி, பக்கத்து வீட்டுப் படி வழியா இறங்கி ஓடிட்டேன். அந்த வளைவு வழியாத்தான்."

அவர் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஆள் விழுந்தால் எலும்புகூட மிஞ்சாத பள்ளம். கீழே சுற்றுலா வந்தவர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுப் பிள்ளை மாதிரி வைத்திருப்பார்கள், ஒரே மேஜையில் சாப்பாடு. இதை எத்தனை பேரிடம், எத்தனை தடவை, இவள் முதுகுக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து அளந்திருக்கிறார்! விருந்தாளி வந்தால் இவள் கையால் டீயை வாங்கிக் குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். சற்று முன்னால் அந்தப் பொம்பளையின் படத்துக்கு எதிரேயும் சொன்னார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல், போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதார்.

"நான் அப்படிப் பேசறப்பல்லாம் உனக்கு எப்படி இருந்துது?"

"மொதல்ல எழுந்து போயிடலாமான்னு இருக்கும். அப்புறம் பழகிடுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சில நாள் நீங்க சொல்ற ஊரு நல்லாவே இருக்கும்" என்றாள்.

"அப்போ எதுக்கு வரணும்னு சொன்னே? இந்த நாசமாப்போன ஊருக்கு?"

"முன்வாசல் வழியா ஒரு தடவை உள்ளே போகணும்னு இருந்துச்சு. போயாச்சு."

போன் அடித்தது. மகள். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"அப்பா! என்ன, கைடு வேலை எப்படிப் போகுது? ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், அத்தை, மாமா, அவர் எல்லாரும் கேட்டுக்கிட்டிருக்காங்க."

சம்பந்தியம்மாவின் குரல் முந்திக்கொண்டு வந்தது. "என்ன சம்பந்தி, பழைய இடமெல்லாம் காட்டினீங்களா எங்க சம்பந்தியம்மாவுக்கு?"

அவர் மனசில் இருந்தது ஒன்றுதான். இந்தக் கேடுகெட்ட பொய்யை இந்த நிமிஷமே தலை முழுகிவிட வேண்டும். யார் சிரித்தாலும் சரி. "சம்பந்தியம்மா, மகளே, எல்லாரும் கேட்டுக்குங்க, ஒரு விஷயம் சொல்லணும். நான் இந்த ஊருக்கு…"

மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. சட்டம் ஒட்டும்போது பசை காயும்வரை மூலையை இறுக்கிப் பிடிக்கிற பிடி. அவள் தலையை அசைத்தாள். கண்ணில் அவர் இதுவரை பார்க்காத பயம். ஏனென்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இவர் வந்ததே இல்லை என்றால், இத்தனை வருஷப் பொய் இன்றைக்கு எப்படி உடைந்தது, சந்து சந்தாக வழி காட்டியது யார்? மகள் கேட்பாள். மகள் விட்டாலும் சம்பந்தியம்மா விடமாட்டாள். ஒரு நூல் கிடைத்தால் மாடிப்படிக்குக் கீழே வரைக்கும் இழுத்துக்கொண்டு போவாள்.

"என்ன சம்பந்தி, ஊருக்கு என்ன?"

"ஊருக்கு… வந்து எத்தனை வருஷமாச்சு, ஆனா ஒண்ணும் மறக்கல, அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். பழைய குரலைத் தேடி எடுத்தார். கண்ணாடி ஓரம் போல அது தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஒவ்வொரு சந்தும் நான்தான் காட்டினேன். இவளுக்கு என்ன தெரியும்? புது ஊரு, மிரண்டு போய் உக்காந்திருக்கா. கால் வேற வலிக்குதாம். நான் பின்னாடி பேசறேன்."

எதிர்முனையில் எல்லாரும் சிரித்தார்கள். "அம்மாவைத் தொலைச்சுடாதீங்கப்பா" என்றாள் மகள்.

போனை வைத்தார். அவள் இன்னும் மணிக்கட்டை விடவில்லை.

"சத்தியமா சொல்றேன். இனிமே இந்த ஊரைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். கடையில யார் கேட்டாலும் சரி."

அவள் மெல்லக் கையை எடுத்தாள்.

"பேசுங்க. நீங்க நிறுத்தினாத்தான் ஏன்னு கேப்பாங்க."